செவலைக்கு எவ்வளவு, செவலையால் எவ்வளவு

“நாயையும் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போறீங்களே, எவ்வளவு ஆகும்?” நாய் வளர்க்கிற சிநேகிதிகள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. ஒரு தொகையைச் சொல்லி முடிக்கலாம்தான். ஆனால் அந்தத் தொகையை நம்பி அவர்கள் கிளம்பினால் பாதி வழியில் கை கடிக்கும். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு நாயைக் கொண்டுபோக ரயில்வே வாங்குவது சில நூறு ரூபாய்தான். அதற்குப் பின்னால் வரிசை கட்டி நிற்கிற ஆயிரங்களைத்தான் முதலில் எண்ண வேண்டும்.

அதனால் நோட்டில் எப்போதும் இரண்டு பத்தி போட்டு எழுதுவேன். முதல் பத்தி எங்கள் நாய் செவலைக்கு ஆகும் செலவு: அவன் கட்டணம், சாப்பாடு, மருந்து, சான்றிதழ். இரண்டாவது, செவலையால் எங்களுக்கு ஏறும் செலவு: எந்த வகுப்பில் போகிறோம், எங்கே தங்குகிறோம், யார் எப்போது சாப்பிடுகிறோம், எந்த இடத்துக்குப் போகாமல் விடுகிறோம். முதல் பத்தி அரைப் பக்கம்கூட வராது. பணம் இருப்பதெல்லாம் இரண்டாவதில்.

செவலை நாட்டு நாய். பதினெட்டு கிலோ இருப்பான். நானும் என் கணவரும் சென்னையில் வேலை பார்க்கிறோம். அம்மா இருப்பது பாளையங்கோட்டையில். ஆகவே எங்கள் கணக்கு எல்லாம் அந்த 650 கிலோமீட்டர் ரயில் பாதையைச் சுற்றித்தான். உங்கள் ஊர் வேறாக இருக்கலாம், கணக்குப் போடுகிற முறை மாறாது.

ரயில் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், குழப்பம் அதிகம் அங்கேதான். நாயை நம்மோடு பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டு போக வேண்டுமானால் நம்மூர் ரயில்களில் ஏ.சி. முதல் வகுப்புதான் வழி. ஸ்லீப்பர், தேர்டு ஏ.சி., செகண்ட் ஏ.சி., சேர் கார் எதிலும் கூடாது. முதல் வகுப்பிலும் இரண்டு பேர் படுக்கிற கூபேயோ, நான்கு பேர் படுக்கிற கேபினோ முழுக்க நம் ஆட்களுக்கே கிடைத்திருக்க வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் தேர்டு ஏ.சி. ஆளுக்கு 1,000 ரூபாயை ஒட்டி வரும்; முதல் வகுப்பு 2,500-ஐ ஒட்டி. இரண்டு பேர் போய்வர 4,000 ரூபாயில் முடிகிற பயணம் 10,000 ரூபாய் ஆகிறது. கூடுதலான இந்த 6,000 ரூபாய் எந்த ரசீதிலும் நாயின் பெயரில் வராது. ஆனால் அவன் இல்லாவிட்டால் நாங்கள் முதல் வகுப்பில் ஏறப் போவதில்லை. ஆகவே அது இரண்டாம் பத்தியில் முதல் வரி.

பணம் கட்டிவிட்டால் கூபே கிடைத்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் வகுப்பு டிக்கெட்டில் பெட்டி எண், படுக்கை எண் எதுவும் முன்கூட்டி வராது. சார்ட் போடும்போதுதான் கூபேயா கேபினா என்று தெரியும். ஒரு பெட்டியில் கூபே ஒன்றிரண்டுதான் இருக்கும். இரண்டு டிக்கெட்டையும் ஒரே பி.என்.ஆரில் போட்டு, நாயோடு வருகிறோம், கூபே ஒதுக்கித் தரவும் என்று ரயில்வேயின் வணிகப் பிரிவுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் வாய்ப்பு கூடும். கேபினில் இரண்டு படுக்கை நமக்கும் மீதி இரண்டு வேறு யாருக்கோவும் விழுந்தால் அவர்கள் சம்மதிக்க வேண்டும். ஏறிய பிறகு அவர்கள் ஆட்சேபித்தால்கூட நாய் கார்டு வேனுக்குப் போக வேண்டியதுதான், கட்டிய பணமும் திரும்பாது. தனியாகப் பயணம் செய்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொள்வதோ காரில் போவதோதான் அவர்களுக்கு நல்லது.

ஆகவே ரயில் என்று முடிவு செய்தாலும், கூபே கிடைக்காமல் போனால் அன்றைக்கே வாடகைக் கார் எடுக்கிற அளவுக்குப் பணம் ஒதுங்கியிருக்க வேண்டும். சார்ட் போட்ட பிறகு உறுதியான டிக்கெட்டை ரத்து செய்தால் காசு வராது என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். செலவானால் ஆகட்டும், ஆகாவிட்டால் அம்மா கையில் கொடுத்துவிட்டு வரலாம் என்று நான் வைத்துக்கொள்கிற பணம் அது.

எழும்பூர் பார்சல் ஆபீஸைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ரயில் கிளம்ப மூன்று மணி நேரம் இருக்கும்போதே அங்கே போய்விடுவோம். சாக்கும் வைக்கோலும் சுற்றி, பெட்ரோல் வடித்த பைக்குகள் வரிசையாக நிற்கும். தெர்மாகோல் பெட்டிகளிலிருந்து மீன் வாடை வரும், செவலைக்கு அந்த மூலையை விட்டு நகர மனசே வராது. டிக்கெட் நகல், ஆதார் நகல், தடுப்பூசிப் புத்தகம், கால்நடை மருத்துவர் கொடுத்த உடல்தகுதிச் சான்று எல்லாவற்றையும் வாங்கிப் பார்ப்பார்கள். நாயைத் தராசில் ஏற்றுவதில்லை. நாய்க்கென்று விதியில் சொல்லியிருக்கிற எடையை வைத்து லக்கேஜ் கட்டணம் போட்டு ரசீது தருவார்கள். அங்கே இருந்த ஒரு பெரியவர் செவலையை எட்டிப் பார்த்துவிட்டு, “நம்மூர் நாயா மேடம்? நல்லா வளர்த்திருக்கீங்க” என்றார். இன்றைக்கு வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள், டி.டி.ஆர். கேட்பார். கூடையில் ஒளித்து, துண்டைப் போட்டு மூடி நாயை ஏற்றிவிடலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. புக் செய்யாமல் பிடிபட்டால் லக்கேஜ் கட்டணத்தைப் போல ஆறு மடங்கு கட்ட வேண்டும். அதைவிட, நாயோடு ஒழுங்காக வருகிறவர்களையும் சந்தேகத்தோடு பார்க்க வைக்கிற வேலை அது. தயவுசெய்து வேண்டாம்.

முதல் வகுப்புக்குப் பணம் இல்லையென்றால் இன்னொரு வழியும் விதியில் இருக்கிறது: கார்டு வேனில் இருக்கிற நாய்ப் பெட்டி. கார்டுக்கு 2022 முதல் டிரெயின் மேனேஜர் என்று பெயர். அவர் இருக்கிற வேனில் ஒரு ஓரமாக இரும்புக் கதவு போட்ட சின்ன அறை. குனிந்து எட்டிப் பார்த்தால் இருட்டு, தகரத் தரை, காற்று வர சிறு துளைகள். நாம் ஒரு கோடியில் இருக்கிற பெட்டியில், நாய் இன்னொரு கோடியில். வண்டி நிற்கிற இடங்களில் ஓடிப் போய்த் தண்ணீர் வைக்க வேண்டும், நிற்பதோ சில நிமிடம். நான் செவலையை அதில் ஏற்ற மாட்டேன். மார்கழி இரவில், இரண்டு மூன்று மணி நேரப் பயணத்துக்கு, பயப்படாத நாயாக இருந்தால் ஒருவேளை சரி. சித்திரை, வைகாசியில் யாரும் ஏற்றக்கூடாது. 1978-ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகளே கோடையில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நாய்க்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்கின்றன. அந்தப் பெட்டியில் அதைச் செய்ய வண்டியின் நேரம் இடம் கொடுக்காது. மிச்சப்படுத்தக் கூடாத பணம் என்று ஒன்று உண்டென்றால் இதுதான்.

கார் கணக்கு வேறு மாதிரி. சொந்தக் காரில் சென்னையிலிருந்து திருநெல்வேலி சுமார் 620 கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினைந்து, பதினாறு ஓடுகிற வண்டிக்கு நாற்பது லிட்டர் பெட்ரோல், ஏறக்குறைய 4,000 ரூபாய். சுங்கம் தனி. போக வர இரண்டால் பெருக்கினால், இரண்டு பேருக்குக் கூபேயும் காரும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்துவிடும். நான்கு பேர் என்றால் யோசிக்கவே வேண்டாம், கார்தான். டிராப் டாக்ஸியில் கிலோமீட்டருக்குப் பதினான்கு ரூபாய் என்று வைத்தாலும் ஒரு வழிக்கே 9,000-ஐத் தொடும், டிரைவர் பேட்டாவும் சுங்கமும் அதற்கு மேல். நாய் வருகிறது என்பதை புக் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். வாசலில் வந்து நின்ற பிறகு சொன்னால் சிலர் திரும்பிப் போய்விடுவார்கள், சிலர் சீட் துடைக்கக் கூடுதலாகக் கேட்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், அடுத்த சவாரிக்கு வருகிறவர் முடியைப் பார்த்து முகம் சுளித்தால் அது அவர்கள் பிழைப்பைத்தான் பாதிக்கும். பின்சீட்டில் விரிக்கப் பழைய ஜமுக்காளம் ஒன்றும் போர்வை ஒன்றும் நாமே கொண்டுபோய்விட்டால் பேச்சே வராது.

காரில் பலரும் எழுதாமல் விடுகிற செலவு சாப்பாடு. நிறுத்தி வைத்த காருக்குள் வெயில் நேரத்தில் பத்தே நிமிடத்தில் வெப்பம் பத்து டிகிரி வரை ஏறிவிடும். கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே எல்லாரும் ஒன்றாக ஓட்டலுக்குள் போய் உட்கார முடியாது. ஒருவர் சாப்பிட, இன்னொருவர் வேப்பமரத்து நிழலில் நாயோடு நிற்க வேண்டும். நாங்கள் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, நிழல் பார்த்து நிறுத்தி, மூன்று பேரும் ஒரே நேரத்தில் சாப்பிடுகிறோம். செவலைக்கு வீட்டில் கொடுக்கிற அதே சோறு, அதே வேகவைத்த கோழி, உப்பு காரம் இல்லாமல். பயணத்தில் புதுச் சாப்பாடு கொடுத்து நாய்க்கு வயிறு போனால் மருந்துச் செலவு, துடைக்கிற வேலை, நாயின் சோர்வு எல்லாம் சேர்ந்து வரும்.

விமானத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இண்டிகோவில் செல்லப்பிராணிகளை ஏற்றுவதில்லை. ஏர் இந்தியாவில் ஏற்றுகிறார்கள். ஆகாசா ஏர் 2022 நவம்பரில் ஏற்றத் தொடங்கியது. எடை வரம்புக்குள் இருக்கிற சின்ன நாயோ பூனையோ கூண்டோடு நம்மோடு வரலாம். பதினெட்டு கிலோ நாய் அடித்தளத்தில்தான் போக வேண்டும். பக் மாதிரி மூக்குச் சப்பையான நாய்களுக்கு மூச்சுச் சிரமம் உண்டு, அவற்றை அங்கே போட நினைக்கவே வேண்டாம்.

ஊர் போய்ச் சேர்ந்த பிறகு ஆகிற செலவுதான் மெல்லச் சேரும். அம்மா வீட்டில் தங்குவதால் எங்களுக்கு அறை வாடகை இல்லை. ஆனால் குற்றாலம் சீசனுக்கு ஒரு ராத்திரி தங்கப் போனால், நாயை விடுகிற விடுதி தேட வேண்டும். பெரும்பாலான லாட்ஜுகளில் விட மாட்டார்கள். விடுகிற இடங்களில் வாடகை பொதுவாகவே அதிகம், அதோடு நாய்க்கென்று ஒரு தொகையும் இருக்கும். ஓர் இடத்தில் போனில் “அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, கூட்டிட்டு வாங்க” என்றார்கள். வாசலில் போய் நின்றதும் முன்பணமாக ஒரு பெரிய தொகை கேட்டார்கள். அதற்கப்புறம் நாய்க் கட்டணம், முன்பணம், அறைக்குள் விடலாமா வெளியே கட்டணுமா எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் நான் புக் செய்வதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இன்னொன்று. நாயோடு போனால் எல்லா இடத்துக்கும் எல்லாரும் சேர்ந்து போக முடியாது. நெல்லையப்பர் கோயிலுக்கு நான் போனால் இவர் வெளியே நிற்பார், இவர் போனால் நான். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் நாயைக் கொண்டுபோக முடியாது, கொண்டுபோகவும் கூடாது. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. நாய்களிடம் வருகிற டிஸ்டெம்பர் வைரஸ் அவற்றில் பலவற்றிடம் இருந்தது. நம் நாய்க்கு ஊசி போட்டிருக்கலாம். ஆனாலும் காட்டு விலங்குகளுக்கு அந்த ஆபத்தைக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. ஆகவே மணிமுத்தாறு மேலே போகிற ஆசையைச் செவலை கூட வருகிற தடவைகளில் விட்டுவிடுகிறோம். பதிலுக்கு தாமிரபரணிக் கரையில் காலையும் மாலையும் நடக்கிறோம், அதற்குக் காசு இல்லை. அவனுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.

இப்போது முதல் பத்திக்கு வருகிறேன். ரேபிஸ் ஊசி நாள் தவறாமல் இருக்க வேண்டும். முதல்முறை போடுகிற குட்டியாக இருந்தால் எதிர்ப்புச் சக்தி வர மூன்று வாரம் பிடிக்கும், அதற்குள் பயணம் வேண்டாம். உடல்தகுதிச் சான்றுக்குச் சென்னையில் தனியார் மருத்துவர்கள் வாங்குவதைவிட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மிகவும் குறைவு. காத்திருக்க நேரம் இருந்தால் போதும். உண்ணி மாத்திரையில் மட்டும் கை இழுக்காதீர்கள். ஊரில் புல்லிலும் மாட்டுத் தொழுவத்திலும் புரண்டுவிட்டு வருகிற நாய்க்கு உண்ணி ஏறாமல் இருக்காது. மூன்று மாதத்துக்குக் காக்கிற ஒரு மாத்திரை விலை அதிகம்தான். ஆனால் உண்ணிக் காய்ச்சல் வந்தால் ரத்தப் பரிசோதனை, வாரக்கணக்கில் மாத்திரை, சில நாய்களுக்கு டிரிப்ஸ் என்று அதைப்போலப் பல மடங்கு ஆகிவிடும். காய்ச்சல் அடித்துச் சோறு தின்னாமல் படுத்துக் கிடக்கிற நாயைப் பார்ப்பது தனி வேதனை.

அவசரத்துக்கு என்று ஒரு தொகையைத் தனிக் கவரில் வைத்துக்கொள்வேன். அதோடு வழியில் இருக்கிற கால்நடை ஆஸ்பத்திரிகளின் பட்டியலும் இருக்கும். திருநெல்வேலிப் பக்கம் போகிறவர்கள் ராமையன்பட்டியில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரியைக் குறித்துக்கொள்ளுங்கள், 2012-இல் தொடங்கியது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரத்தநாடு, கொங்குப் பக்கம் நாமக்கல். பயண வாந்திக்கு மருந்து வேண்டுமானால் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிவிட வேண்டும். நாம் சாப்பிடுகிற மாத்திரையை உடைத்துக் கொடுக்கக் கூடாது. பாராசிட்டமால் பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

எல்லாவற்றையும் கூட்டிய பிறகு பக்கத்தில் இன்னொரு கணக்கையும் எழுத வேண்டும்: விட்டுவிட்டுப் போனால் எவ்வளவு ஆகும்? சென்னையில் நாய்களைப் பார்த்துக்கொள்கிற இடங்களில் நான் விசாரித்தபோது ஒரு ராத்திரிக்கு 500-லிருந்து 1,000 வரை சொன்னார்கள். இரண்டு நாள் கல்யாணத்துக்குப் போவதாக இருந்தால் அதுதான் சரி. பந்தல், மேளம், கூட்டம், வெடி என்று இருக்கிற இடத்தில் நாய்க்கு ஒரு சந்தோஷமும் கிடையாது. வயசான நாய், இதய நோய் உள்ள நாய், சினையாக இருக்கிற நாய், இவற்றையும் அலைக்கழிக்கக் கூடாது. தெரிந்த வீட்டில், அது ஏற்கெனவே பழகிய மனிதரிடம் விடுவது நல்லது. பத்துப் பதினைந்து நாள் என்றாகும்போது கணக்கு திரும்பிவிடும். ராத்திரிக்கு 700 என்று வைத்தாலும் பதினைந்து நாளைக்கு 10,500 ரூபாய். அந்தப் பணத்தைக் கூபேயில் போட்டால் அவனும் நம்மோடு இருப்பான். எங்கள் வீட்டில் முடிவு அப்படித்தான் ஆனது.

அம்மாவிடம் இந்தக் கணக்கை முதலில் சொன்னபோது, “ஏட்டி, நாய்க்காக ஃபர்ஸ்ட் கிளாஸ்ல வாரியா? அந்தக் காசுக்குத் தங்கம் வாங்கிப் போட்டிருக்கலாம்லா” என்றாள். அம்மா சொன்னது நியாயமான பேச்சு, சிக்கனமாக வாழ்ந்து எங்களைப் படிக்க வைத்தவள். நான் வாதாடவில்லை. வருஷம் முழுக்க மாதம் 1,000 ரூபாய் செவலைப் பயணத்துக்கென்று ஆர்.டி. போடுகிறேன் என்று பாஸ்புக்கைக் காட்டினேன். அதற்கப்புறம் அவள் கேட்டது ஒன்றுதான்: “ராத்திரி பூரா அது என்ன செய்யும்? படுக்குமா?” படுக்கும். கூபேக் கதவைச் சாத்திவிட்டால் கீழ்ப்படுக்கைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு, வால் மட்டும் வெளியே தெரிய, விடிகிற வரைக்கும் தூங்குவான். ஏறும் முன் நன்றாக நடக்க வைத்து, ஒன்றுக்கு இரண்டுக்குப் போக வைத்துவிடுவோம், அவ்வளவுதான். பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பாடு முடிந்திருக்க வேண்டும்.

அந்த ஆர்.டி.யைத்தான் நான் எல்லாருக்கும் சொல்வேன். நாய்ப் பயணம் திடீரென்று கையிலிருந்து எடுக்கிற பணத்தில் நடக்காது. கையில் இல்லாதபோதுதான் கார்டு வேனும், கூடையில் ஒளிப்பதும், பக்கத்து வீட்டுக் கேட்டில் கட்டிவிட்டுப் போவதும் யோசனைக்கு வரும். மாதம் 500 ஒதுக்க முடிந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை கௌரவமாக ஊருக்குப் போய்வரப் பாதிக்கு மேல் சேர்ந்துவிடும்.

பொங்கலுக்குப் போகிறவர்கள் தேதியை இப்போதே பார்த்து வையுங்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் காலை எட்டு மணிக்குத் திறக்கும், முதல் வகுப்புப் படுக்கைகள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். போகிற டிக்கெட் கிடைத்ததும் திரும்புகிற டிக்கெட்டையும் அது திறக்கிற நாளிலேயே போட்டுவிடுங்கள். ஊருக்குக் கூட்டிப்போன நாயை அங்கேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் பலர் சொல்கிற காரணம் திரும்ப டிக்கெட் கிடைக்கவில்லை என்பதுதான்.